வேலைக்கு போற கர்ப்பிணிகளுக்கு: 24 வாரத்துக்குள்ள மாத்த வேண்டியத மாத்திருங்க

"சிஸ்டர், வேலைக்கு போலாமா வேண்டாமா?" செக்கப்புக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதிப்பேரு கேக்குறது இதத்தான், நான் வாய தொறக்குறதுக்குள்ள கூட வந்த மாமியாரோ அம்மாவோ "போவாண்டாம்னு சொல்லுங்க சிஸ்டர்"னு முந்திக்குவாங்க. நான் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், பதினொரு வருஷம் ஆச்சு. வேலைக்கு போறது தப்பே கெடையாது. ஆனா நிக்குறது, தூக்குறது, ராத்திரி முழிக்கிறது, அனல், வெள்ளம் குடிக்காம ஒண்ணுக்கு அடக்குறதுன்னு அஞ்சாறு விஷயம் இருக்கு, அது ஒண்ணுமேல ஒண்ணா சேரும்போதுதான் குறைமாசத்துல பிரசவம் ஆகுற வாய்ப்பு ஏறுது. அத எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி கொறைக்கிறது, முதலாளிகிட்ட எப்படி கேக்குறதுன்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

கணக்கு முதல்ல. 40 வாரம்தான் டியூ டேட், 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா அது குறைப்பிரசவம். 32ல இருந்து 37க்குள்ள பிறக்குற பிள்ளைங்கதான் நெறைய, நல்லா பாத்துக்கிட்டா பெரும்பாலும் தேறிரும், 28க்கு கீழ போனா ரொம்ப கஷ்டம். 2020ல உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் பிள்ளைங்க குறைமாசத்துல பிறந்துச்சு, அதுல 30 லட்சம் நம்ம நாட்டுல. இதுக்கு காரணம்னா முன்னாடி ஒரு குறைப்பிரசவம் ஆகியிருக்கது, ரெட்டைப்பிள்ளை, பிரஷர், சுகர், கர்ப்பப்பை வாய் சின்னதா இருக்கது, யூரின் இன்ஃபெக்ஷன், புகையிலை இதெல்லாம் பெரிய காரணம், பல நேரம் காரணமே தெரியாது. வேலைங்கிறது அதுல ஒண்ணு. ஆனா ரெட்டைப்பிள்ளைய மாத்த முடியாது, வேலைய மாத்தலாம், அதான் இத இவ்வளவு பிடிச்சு பேசுறேன்.

எவ்வளவு ஏறுதுன்னு தெரிஞ்சா வீணா பயப்பட மாட்டீங்க. 2000த்துல 29 ஆய்வுகள சேத்து, ஒண்ணரை லட்சத்துக்கும் மேல பெண்களோட கணக்க வச்சு ஒரு தொகுப்பு வந்துச்சு. ரொம்ப நேரம் நின்னு பாக்குற வேலை, உடம்ப முறிக்கிற வேலை, ஷிஃப்ட்டும் ராத்திரி வேலையும், இந்த ஒவ்வொண்ணும் தனித்தனியா பாத்தா வாய்ப்பு நாலுல ஒரு பங்கு கூடுதல். அதாவது 100 பேருல 10 பேருக்கு ஆகுற எடத்துல 12 பேருக்கு ஆகும், அவ்வளவுதான். ஆனா நிக்குறது, மெஷின் வேலை, பாரம், சத்தம், சூடு, மனஅழுத்தம் எல்லாம் ஒண்ணா சேந்த மொத்த களைப்புன்னு ஒரு கணக்கு எடுத்திருக்காங்க, அதுல அந்த 10 பேரு 15 ஆகிருது. ஒண்ண தாங்குற உடம்பு நாலஞ்சு ஒண்ணா வந்தா தாங்காது, இத மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க, ஏன்னா இதுலயே ஒரு வழியும் இருக்கு. எல்லாத்தையும் மாத்த முடியலன்னாலும் நாலுல ரெண்ட எறக்கி வச்சாலே பலன் உண்டு.

எப்ப எறக்கி வைக்கணும்? கனடாவுல கியூபெக் மாகாணத்துல கர்ப்பிணிக்கு ஆபத்தான வேலைன்னா வேற வேலைக்கு மாத்திவிடச் சொல்லி கேக்குற உரிமை இருக்கு. அங்க 2007ல வந்த ஆய்வுல, கஷ்டமான வேலைகள 24 வாரத்துக்கு முன்னாடியே நிறுத்துனவங்களுக்கு கிட்டத்தட்ட அந்த கஷ்டமே இல்லாதவங்க அளவுக்கு வாய்ப்பு எறங்கிருச்சு. நம்ம ஊர்ல என்ன பண்றோம்? வளைகாப்பு போட்டு ஏழாம் மாசம் அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு போற வரைக்கும் பழைய மாதிரியே ஓட்டம், அதுக்கப்புறம் ஒரேயடியா படுக்கை. ரெண்டும் சரியில்ல. குறைப்பிரசவத்த தடுக்கணும்னு சும்மா படுக்கையிலயே கெடக்குறதால பலன் இருக்குன்னு நிரூபணம் ஆகல, கால்ல ரத்தம் கட்டுற ஆபத்துதான் கூடும், டாக்டரே குறிப்பா சொன்னா ஒழிய அப்படி படுக்க வேண்டாம். அஞ்சாம் மாச ஸ்கேன் எடுக்கப் போற நேரத்துலயே வேலையையும் மாத்திருங்க, நாள் ஞாபகம் இருக்க இது சுளுவான வழி. அந்த ஸ்கேன்லயே கர்ப்பப்பை வாயோட நீளம் எவ்வளவுன்னு கேட்டுக்குங்க, 25 மில்லிமீட்டருக்கு கீழன்னா டாக்டர் மருந்து தருவாங்க, அப்பிடிப்பட்டவங்களும் முன்னாடி குறைப்பிரசவம் ஆனவங்களும் அஞ்சாம் மாசம் வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. ஒரு பேப்பர எடுங்க, ஒரு வேலைநாள், காலத்த எழும்புன நேரத்துல இருந்து ராத்திரி கண்ண மூடுன நேரம் வரைக்கும் எழுதுங்க. எத்தன மணி நேரம் நின்னேன், ஒரே மூச்சுல எவ்வளவு நேரம், என்ன தூக்குனேன், எத்தன தடவ குனிஞ்சேன், எத்தன கிளாஸ் வெள்ளம், எத்தன தடவ ஒண்ணுக்கு போனேன், எவ்வளவு நேரம் தூங்குனேன். வீட்டு வேலையையும் சேத்து எழுதுங்க, அத எல்லாரும் விட்டுருவாங்க. காலைல நாலரைக்கு எழும்பி சோறு வச்சு, துணி அலசி, பஸ் புடிச்சு, எட்டு மணி நேரம் கடைல நின்னு, திரும்ப வந்து தோசைமாவு ஆட்டுறவங்களுக்கு கடை வேலை மட்டும் வேலை இல்ல. இந்த பேப்பர செக்கப்புக்கு கொண்டு போங்க, "நல்லாருக்கீங்களா"ன்னு டாக்டர் கேட்டா "ஆமா"ன்னுதான் நம்ம வாயில வரும், பேப்பர் உள்ளத சொல்லும்.

நிக்குறதுதான் நம்ம மாவட்டத்துல ரொம்ப. நாகர்கோவில், மார்த்தாண்டம் ஜவுளிக்கடை பிள்ளைங்க, டீச்சர்மாரு, எங்கள மாதிரி நர்சுமாரு. நின்னுட்டே இருந்தா ரத்தம் கால்ல தங்கிரும், கர்ப்பப்பைக்கு போற ரத்தம் கொறையும், பொழுதுசாய வயிறு இறுக ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு மொத்தமா 4 மணி நேரத்துக்கு மேல நிக்கிற மாதிரி இருந்தா அத கொறைக்கணும், அதுவும் ஒரே மூச்சா நிக்காம அரை மணிக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் உக்காரணும், கால் ஒண்ண ஒரு சின்ன பலகை மேல மாத்தி மாத்தி வைக்கலாம், நின்ன எடத்துலயே குதிகால தூக்கி எறக்கலாம். கடையில உக்கார விடமாட்டாங்கன்னு சொல்லுவீங்க. 2021லயே தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தி, எல்லா ஊழியருக்கும் உக்கார இருக்கை இருக்கணும்னு கொண்டு வந்தாச்சு, கர்ப்பிணிக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அதனால ஸ்டூல் கேக்குறது சலுகை கேக்குறது இல்ல.

தூக்குறதுக்கும் ஒரு அளவு இருக்கு. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்காக போட்ட ஒரு கணக்குப்படி, எப்பவாவது தூக்குறதுன்னா, அதுவும் உடம்போட ஒட்டி புடிச்சு தூக்குறதுன்னா, 20 வாரம் வரைக்கும் 16 கிலோ, அதுக்கப்புறம் 12 கிலோ, அடிக்கடி தூக்குறதுன்னா இன்னும் கொறவு. நம்ம பிளாஸ்டிக் குடம் நெறைய புடிச்சா அதுவே 12 கிலோவ தாண்டும். கேஸ் சிலிண்டர் உள்ள இருக்க கேஸ் 14.2 கிலோ, இரும்பும் சேந்தா 30 கிலோ பக்கம், அத உருட்டுறதுக்கு கூட நீங்க போக வேண்டாம். குளச்சல் முட்டம் பக்கம் மீன் சருவத்த தலைல வச்சு வீடுவீடா போற அக்காமாரு இருக்காங்க, அவங்களுக்கு முதலாளின்னு யாரும் இல்ல, கேக்கவும் ஆளில்ல. அவங்ககிட்ட நான் சொல்றது, சுமட பாதியாக்குங்க, தரையில இருந்து நீங்களே தூக்காதீங்க, ஏத்தவும் எறக்கவும் ஒரு ஆள கூப்புடுங்க, ரெண்டு மூணு பேரு சேந்து ஆட்டோ புடிச்சு ஒரே எடத்துல இருந்து விக்கிற மாதிரி இந்த நாலு மாசம் மட்டும் வச்சுக்குங்க. வருமானம் கொறையும், அது எனக்கும் தெரியும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் எடுக்குற பெண்களுக்கு பாரத்தோட சறுக்குறதும் இருக்கு, மழைநேரத்துல சரிவுல வாளியோட எறங்குறத விட்டுட்டு சமதரையில உள்ள மரம் மட்டும் எடுங்க, பாலுக்கு ஊத்துற அமோனியா, ஷீட்டுக்கு விடுற ஆசிட் ரெண்டையும் வேற ஆள் கையில குடுத்துருங்க.

வெள்ளமும் ஒண்ணுக்கும் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா இத யாரும் வேலைப்பிரச்சனையா நெனக்கிறதே இல்ல. ஒருநாள் அண்டி ஆபீசுல, அதான் முந்திரி ஆலைல, அண்டி தல்லுற (முந்திரிக்கொட்டை உடைக்கிற) ஒரு பிள்ளை வந்தா, 26 வாரம், அடிவயிறு வலி, காய்ச்சல். விரல் நுனியெல்லாம் அண்டி எண்ணெய் பட்டு கறுத்து தோல் உரிஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு வெள்ளம் குடிப்பேன்னு கேட்டேன். "காலத்த காப்பி, மத்தியானம் கஞ்சிவெள்ளம், பொறவு வீட்டுல போயிதான் சிஸ்டர்." ஏன்னு கேட்டா, கக்கூசு கதவுக்கு கொண்டி (தாழ்ப்பாள்) கெடையாது, ஒருத்தி வெளிய காவல் நிக்கணும், கிலோ கணக்குல கூலிங்கிறதால ரெண்டு பேருக்கும் கூலி கொறையும், அதனால குடிக்கிறதே இல்ல. யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்ஷன். அத அப்பிடியே விட்டா சிறுநீரகம் வரைக்கும் ஏறும், பிரசவ வலிய முன்கூட்டியே கெளப்பும். சில பேருக்கு எரிச்சல் கூட இருக்காது, கிருமி மட்டும் இருக்கும், அதனால முதல் மூணு மாசத்துலயே ஒருக்கா யூரின் கல்ச்சர் பாக்கச் சொல்லி கேளுங்க. அந்த பிள்ளைக்கு மாத்திரை குடுத்தாங்க, மாத்திரையோட நான் சொன்னது ரெண்டே ரெண்டு: ஒரு கொண்டி 50 ரூபாய் வராது, நாலு பேரா போயி மேஸ்திரிகிட்ட கேளுங்க, கெடைக்கலன்னா நீங்களே வாங்கி அடிங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஜோடியா போங்க, தோணினாலும் தோணலன்னாலும். யூரின் இளமஞ்சளா போனா வெள்ளம் போதும், கட்டன்சாயா நெறத்துல போனா போதல.

அனலும் இதோட சேரும். வறுப்பு ஓரம், தகர ஷீட்டு கூரை, செங்கல் சூளை, மார்ச்சுல இருந்து மே வரைக்கும் நம்ம புழுக்கம். நெறைய நாட்டு ஆய்வுகள சேத்துப் பாத்ததுல வெக்கை ஒரு டிகிரி ஏறுனா குறைப்பிரசவ வாய்ப்பு 5 சதவீதம் ஏறுதுன்னு 2020ல வந்துச்சு. தமிழ்நாட்டுலயே 800 கர்ப்பிணிகள வச்சு பாத்த ஆய்வு ஒண்ணு இருக்கு, அனல்ல வேலை பாத்தவங்களுக்கு கருச்சிதைவு ரெண்டு மடங்கு. வேர்த்து உடம்புல தண்ணி கொறஞ்சா வயிறு இறுக ஆரம்பிச்சிரும். முந்திரி ஆலைன்னா வறுப்பு பக்கத்துல இருந்து பருப்ப தரம் பிரிக்கிற கிரேடிங் பக்கம் மாத்தச் சொல்லி கேளுங்க, வெளிவேலைன்னா பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் நெழல்ல இருங்க. கிரேடிங்ல தரையில சம்மணம் போட்டு நாள் முழுக்க குனிஞ்சு இருக்கணும்னா அதுவும் ஆகாது, சின்ன ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எழும்பி நடங்க.

ராத்திரி ஷிஃப்ட் பத்தி எனக்க கதையவே சொல்லுதேன். அப்ப நான் வேற ஒரு ஆஸ்பத்திரில இருந்தேன், ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரின்னு மாறிமாறி 12 மணி நேரம். அஞ்சாம் மாசமே நைட்ட மாத்தித் தாங்கன்னு கேக்கணும்னு தோணுச்சு, ஆள் கொறவு, கேட்டா மூஞ்ச சுளிப்பாங்கன்னு கேக்கல. 33 வாரம் 4 நாள், ராத்திரி மூணு மணி இருக்கும், வார்டுல நிக்கேன், இடுப்புக்கு கீழ ஒரு மந்தமான வலி, வரும் போவும் வரும் போவும். நின்ன வலின்னு நெனச்சேன். இதே வலியோட வர்ற எத்தனையோ பேர உடனே அட்மிட் பண்ண வச்சவ நான், எனக்குன்னு வரும்போது ஷிஃப்ட் முடியட்டும்னு நின்னேன். காலைல வீட்டுக்கு போயி படுத்தேன், சாயங்காலம் பனிக்குடம் உடைஞ்சது. பையன் 1 கிலோ 900, பதினாறு நாள் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன், அந்த கை என்னோட சுண்டுவிரல் நீளம் கூட இல்ல. இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கான், நல்லாருக்கான். ஆனா அந்த 12 மணி நேரத்த நான் வீணாக்குனேன், அதுதான் இன்னைக்கும் மனசுல குத்துது.

ஏன் அந்த நேரம் அவ்வளவு முக்கியம்னா, 24ல இருந்து 34 வாரத்துக்குள்ள வலி வந்தா பிள்ளையோட நுரையீரல் பலப்பட அம்மாவுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, அது முழுசா வேலை செய்ய ஒரு நாள் ஆவது வேணும். வலிய தள்ளிப்போடுற மருந்தும் ரெண்டு நாள் மட்டும்தான் நேரம் வாங்கித் தரும். அதனால சீக்கிரமா வந்தவங்களோட பிள்ளைக்குதான் அந்த ஊசி ஒழுங்கா கெடைக்கும்.

அதனால அடையாளத்த நல்லா படிச்சு வச்சுக்குங்க. வயித்து மேல விரல் நுனிய வச்சு அமுக்கிப் பாருங்க, கன்னம் மாதிரி மெத்துனு இருந்தா சாதாரணம், நெத்தி மாதிரி கல்லுனு ஆகி அப்புறம் தளர்ந்தா அது இறுக்கம். வேலையில இருக்கும்போது அப்பிடி வந்தா உடனே உக்காருங்க, ரெண்டு கிளாஸ் வெள்ளம் குடிங்க, ஒண்ணுக்கு போயிட்டு வந்து இடதுபக்கமா சாஞ்சு படுத்து ஒரு மணி நேரம் கடிகாரத்த பாத்து எண்ணுங்க. நின்னு போச்சுன்னா அது களைப்பு, அடுத்த செக்கப்புல சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல நாலோ அதுக்கு மேலயோ வந்தா யாரையும் கேக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க. மாசவிடாய் வலி மாதிரி, போய்ப்போய் வர்ற இடுப்புவலி, பிள்ளை கீழ அழுத்துற மாதிரி பாரம், இதுவும் அதே கணக்குதான். தண்ணி மாதிரி கசிஞ்சா, ரத்தம் பட்டா, பிள்ளை அசைவு கொறஞ்சா எண்ணிக்கிட்டு இருக்கவே வேண்டாம், உடனே 108. இருக்குறதுலயே பக்கத்து ஆஸ்பத்திரின்னு பாக்காம குறைமாச பிள்ளைய பாக்குற வசதி இருக்க எடமா முன்னாடியே பாத்து வைங்க, நமக்கு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கு, கொல்லங்கோடு நித்திரவிளை பக்கத்துக்காரங்க நெறைய பேரு திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு போறாங்க. பேச்சிப்பாறை, கோதையாறு மாதிரி மலைப்பக்கம் இருக்கவங்க 30 வாரத்துக்கு மேல கீழ உள்ள சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்து இருக்கது நல்லது, ராத்திரி அந்த ரோட்டுல எறங்குறது அவ்வளவு எளுப்பம் இல்ல.

இனி முதலாளிகிட்ட கேக்குறது. வாயால சொன்னா காத்துல போயிரும், எழுதிக் குடுங்க. டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கும்போது "ஓய்வு தேவை"ன்னு எழுதினா அவங்க லீவு போட்டுட்டு போன்னு சொல்லிருவாங்க, சம்பளமும் போயிரும். அதுக்கு பதிலா "தொடர்ந்து வேலை செய்யலாம், ஆனா ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல நிக்கக்கூடாது, 10 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது, இரவுப்பணி வேண்டாம்"னு குறிப்பா எழுதித் தரச் சொல்லுங்க, உங்க பேப்பர காட்டினா அவங்களுக்கும் என்ன எழுதணும்னு தெரியும். கடைல ஸ்டாக் எடுத்து அடுக்குறதுக்கு பதில் பில்லிங், நர்சுன்னா வார்டுக்கு பதில் ஓ.பி., ஆலைன்னா தல்லுறதுக்கு பதில் கிரேடிங் இல்ல பேக்கிங், நூறு நாள் வேலைன்னா மண்ணு சுமக்காம தண்ணி குடுக்குற வேலைன்னு மாத்து வேலையையும் நீங்களே சொல்லிருங்க, "முடியாது"ன்னு சொல்றதவிட "இத பாக்குறேன்"னு சொன்னா சுளுவா ஒத்துக்குவாங்க.

சட்டம் என்ன தருதுன்னும் தெரிஞ்சிருக்கணும். 1961 மகப்பேறு சட்டத்துல, 2017ல திருத்தினதோட, இருந்த உரிமைங்கதான் 2020 சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புலயும் இருக்கு. முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, அதுல 8 வாரம் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம், டியூ டேட்டுக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் அங்க வேலை பாத்திருக்கணும். நீங்க கேட்டா, டியூ டேட்டுக்கு 10 வாரம் இருக்கும்போதுல இருந்து ரொம்ப நேரம் நிக்குற வேலையோ கடுமையான வேலையோ குடுக்கக்கூடாது. "கேட்டா"ங்கிற வார்த்தைய கவனிங்க, கேக்கலன்னா அது இல்ல. 10 வாரம்னா 30ஆவது வாரம், ஆனா மாத்தணும்னு நான் சொன்னது 24க்குள்ள, நடுவுல இருக்க அந்த ஆறு வாரத்துக்கு டாக்டர் லெட்டரும் உங்க வாயும்தான் துணை, அதனாலதான் முன்னாடியே பேசுங்கன்னு திரும்பத்திரும்ப சொல்லுதேன். இ.எஸ்.ஐ. இருக்கவங்களுக்கு இந்த காசு இ.எஸ்.ஐ.ல இருந்து வரும், சம்பள சீட்டுல பிடித்தம் இருக்கான்னு பாருங்க. சொந்தமா தொழில் பண்றவங்க, கூலிக்காரங்க 12 வாரத்துக்குள்ள ஊர் நர்சம்மாகிட்ட பதிவு பண்ணி பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ணினதுக்கான நம்பர்) வாங்கிருங்க, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய்க்கு அது வேணும், ஊட்டச்சத்து பெட்டியோட மதிப்பும் அந்த 18,000லயே சேந்ததுதான்.

வீட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. அவ சம்பளம் வேணும்னு அனுப்புறோம், நல்லதுதான், அப்ப குடம் தூக்குறது, துணி பிழியறது, மாவாட்டுறது, காலத்த சமையல் இத நாலையும் அஞ்சாம் மாசத்துல இருந்து வேற கை எடுத்துக்கணும். மைனிமாரு, மாப்பிள்ளைமாரு, யாரா இருந்தாலும். வேலைவிட்டு வந்ததும் அரை மணி நேரம் கால கொஞ்சம் உயத்தி வச்சு படுக்க விடுங்க, அந்த நேரத்துல சாயா போட்டு குடுத்தா இன்னும் நல்லது.

இவ்வளவும் பண்ணியும் சில பேருக்கு குறைமாசத்துல வந்துரும், அதுக்கு அவங்க காரணம் இல்ல. அப்பிடி ஆனா அந்த 26 வார லீவுக்கு மேல இன்னும் ஒரு மாசம் சம்பளத்தோட லீவு கேக்க சட்டத்துல எடம் இருக்கு, குறைப்பிரசவத்தால வர்ற உடம்புக்குன்னு, இத தெரியாமலே நெறைய பேரு வேலைக்கு திரும்பிருதாங்க. அதுக்கு மருத்துவ சான்று வேணும், டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கு சம்மரில பிள்ளையோட எடை மட்டும் இல்லாம எத்தன வாரம் எத்தன நாள்ல பிறந்துச்சுன்னு எழுதிருக்கான்னு பாத்து, இல்லன்னா கவுண்டர்லயே நின்னு எழுதி வாங்கிட்டு வாங்க.